பெயர் போடாத வீடு

அந்த வருடம் எங்கள் ஊர்ப் பாடசாலையிலிருந்து சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்ற இருந்தவர்கள் பதினொரு பிள்ளைகள். கீரிமலையிலிருந்து கடற்கரையோடு கிழக்கே வந்தால் வரும் சிறிய ஊர் எங்களுடையது. போரால் நீண்ட காலம் ஆட்கள் போக முடியாமல் கிடந்த நிலம். சனம் திரும்பி வந்து, பற்றை வெட்டி, வீடு கட்டி, பாடசாலையைத் திறந்த பிறகு, ஒவ்வொரு முறையும் பெறுபேறு வரும்போது அதிபர் இரண்டு நாள் லீவு எடுப்பார் என்று பகிடியாகச் சொல்வார்கள். அது முழுப் பகிடி இல்லை. கணிதத்தில் சித்தியடைந்தவர்களை எண்ண ஒரு கை விரல்கள் போதும்.

நான் கொழும்பில் ஒரு பத்திரிகையில் முப்பது வருடம் செய்தி திருத்தும் வேலை பார்த்தவன். ஓய்வு பெற்று, தங்கையின் வீட்டோடு வந்து சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. காலையில் வாசிகசாலை, பின்னேரம் கடற்கரை என்று நாள் போனது. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் என்னைச் சேர்த்தது அதிபர். "உங்களுக்கு எழுத்து வேலை தெரியும்" என்றார். கூட்டக் குறிப்பு எழுத ஆள் வேண்டும் என்று நினைத்துத்தான் நான் போனேன்.

பெற்றோர் கூட்டம் பாடசாலையில் வைத்தால் வெறும் கதிரைகள்தான் இருக்கும். ஆகவே அதிபர் அதை வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து, கோயில் மண்டபத்தில், பிரசாதப் புக்கை கொடுக்க முன்னம் வைத்தார். ஒருவரும் எழும்பிப் போகவில்லை. அவர் பெறுபேறுகளை வாசித்தார்.  பிறகு மீன் விற்கும் ஒரு அம்மா எழும்பி, "பிள்ளை படிக்குதோ இல்லையோ எண்டு எங்களுக்கு எப்பிடித் தெரியும்? கொப்பியை விரிச்சு வைச்சுக்கொண்டு இருந்தா, படிக்குது எண்டுதான் நினைக்கிறம். அதுக்குள்ளை ஃபோன் கிடக்கிறதைச் சாமியோ காட்டும்?" என்று கேட்டார். மண்டபம் சிரித்தது. அந்தச் சிரிப்போடுதான் வேலை தொடங்கியது.

அன்றைக்குத் தீர்மானித்தவை இவை. பின்னேரம் ஆறரையிலிருந்து ஏழரை வரை பதினொரு வீட்டிலும் தொலைக்காட்சி நிற்கும். ஃபோன்கள் சாமிப் படத் தட்டில் இருக்கும். கோயில் ஒலிபெருக்கி பரீட்சை முடியும்வரை கோயிலுக்குள், உள்வீதியை நோக்கித் திருப்பப்படும். சந்திக் கடைக்காரர் ஆறு மணிக்குப் பிறகு பள்ளிப் பிள்ளைகளுக்கு ஐஸ்பழம் விற்கமாட்டார். கணித ஆசிரியர் பாடசாலை முடிந்து ஒரு மணித்தியாலம் கூடுதலாக வகுப்பு எடுப்பார், தாய்மார் முறை வைத்துத் தேத்தண்ணியும் ரொட்டியும் கொண்டுபோவார்கள். சங்கத்துக்காரர் ஒவ்வொருவரும் இரண்டு வீட்டைப் பொறுப்பெடுத்து, கிழமையில் இரண்டு முறை அந்த ஒரு மணித்தியாலத்தில் போய்ப் பார்ப்பார்கள்.

கடைசியாக ஒன்று சேர்க்கப்பட்டது. பிள்ளை படிக்கும்போது வீட்டில் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். சும்மா இருந்தால் போதாது, கையில் வாசிக்க ஏதாவது வைத்திருக்க வேண்டும். வாசிக்கிற ஆளைக் கண்டால் பிள்ளையும் வாசிக்கும் என்பது காரணம். அதைச் சொன்னது நான். நல்ல யோசனை என்று அதிபர் குறிப்பில் எழுதச் சொன்னார். எழுதினேன். அந்த மண்டபத்தில் யாருக்கு வாசிக்கத் தெரியும், யாருக்குத் தெரியாது என்று நான் கேட்கவில்லை. அப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்றே எனக்குத் தோன்றவில்லை.

எனக்குக் கிடைத்த இரண்டு வீடுகளில் ஒன்று கடற்கரைப் பக்கம். வீட்டுத்திட்டத்தில் கட்டிய, இன்னும் பூச்சுப் பூசாத இரண்டறை வீடு. தகப்பன் கடல் தொழிலுக்குப் போகிறவர். விடிய மூன்று மணிக்கு வள்ளம் இறக்குவார், எட்டு ஒன்பதுக்குக் கரைக்கு வருவார். பின்னேரம் ஏழு மணிக்குப் படுக்கிற மனிதர். ஒரு மணித்தியாலம் மகளோடு இருப்பதென்றால் அது அவருடைய நித்திரையில் இருந்து கழிவது. அந்த வீட்டில் பெரியவராகத் தாய் இருக்கலாம் என்று நான் சொன்னேன். தகப்பன் சம்மதிக்கவில்லை. தானே இருப்பதாகச் சொன்னார்.

மகள் மூத்தவள். தமிழும் வரலாறும் அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. கணிதம் மட்டும் இழுத்தது. அதிலும் கேத்திரகணிதம். படத்தைப் பார்த்ததும் எந்தக் கோணம் எந்தக் கோணத்துக்குச் சமன் என்று சொல்லிவிடுவாள். ஏன் சமன் என்று பக்கத்தில் எழுதச் சொன்னால் பேனை நின்றுவிடும். புள்ளி போவது அங்கேதான் என்று ஆசிரியர் சொல்லியிருந்தார். அவளுக்கு உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவில் படிக்க வேண்டும், அதற்கு நகரப் பக்கத்துப் பெரிய பாடசாலைக்குப் போக வேண்டும். கணிதத்தில் சித்தி இல்லாமல் அங்கே எடுக்கமாட்டார்கள். இதை அவள் எனக்கு முதல் நாளே சொன்னாள். சுவரில் ஒரு கடதாசியில், பரீட்சைக்கு இன்னும் எத்தனை கிழமை என்று எழுதி, ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டு வந்தாள்.

நான் போகும்போதெல்லாம் ஒரே காட்சி. மேசையில் அவள். வெளிச்சத்துக்கு நேரே பிளாஸ்டிக் கதிரையில் தகப்பன், கையில் பத்திரிகைத் தாள். அவர் தலை நிமிர்ந்து, "வாங்கோ அண்ணை" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் தாளுக்குள் போய்விடுவார். நான் கதவோரம் பத்து நிமிடம் இருந்துவிட்டு வெளிக்கிடுவேன்.

மூன்றாம் தரமோ நாலாம் தரமோ கவனித்தேன். அவர் கையில் இருந்தது ஒரே தாள். விலைமனு அறிவித்தல்கள் நிறைந்த பக்கம். பிரதேச சபை வீதித் திருத்தம், வைத்தியசாலைக்கு மரக்கறி வழங்கல், ஒரு கட்டடத்துக்குக் கூரை. கீழ் மூலையில் எண்ணெய்க் கறை. முப்பது வருடம் பக்கம் பார்த்த கண்ணுக்கு ஒரு பக்கத்தை மறுபடி அடையாளம் காண்பது பெரிய காரியமில்லை. அடுத்த தரமும் அதே தாள். அதன் பிறகும் அதே. அவர் கண் வரிகளின் மேல் போய் வந்தது. சில நேரம் தாளைத் திருப்பி மற்றப் பக்கம் பார்ப்பார், அங்கேயும் விலைமனுதான்.

ஒரு நாள் அவள் வரலாற்றுப் புத்தகத்தில் ஒரு சொல்லைப் பற்றி என்னிடம் கேட்டாள். நான் புத்தகத்தை வாங்கித் தகப்பனிடம் நீட்டி, "அப்பாவும் பாக்கட்டும், என்ன சொல்லியிருக்கு எண்டு" என்றேன். உற்சாகத்தில் சொன்னது. அவர் புத்தகத்தை வாங்கினார். தூரத்தில் பிடித்தார், கிட்டப் பிடித்தார். பிறகு, "கண் மங்கலாக் கிடக்கு. நீயே வாசி பிள்ளை" என்றார்.

மகள் உடனே புத்தகத்தைத் திருப்பி எடுத்தாள். "அப்பாவுக்குக் கண்ணாடி எடுக்கோணும், மாமா. எத்தினை நாளாச் சொல்லுறம்" என்று சொல்லிக்கொண்டு என்னைப் பார்த்தாள். அரை விநாடி இருக்கும். அந்தப் பார்வை என்ன கேட்டது என்று எனக்கு விளங்கியது. சரியாக விளங்கியது. ஓம், கட்டாயம் எடுக்க வேண்டும் என்று நானும் சொன்னேன்.

பிறகு விசாரித்தேன். தகவலைச் சரிபார்ப்பது பழக்கம். அவர் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது ஊர் இடம்பெயர்ந்தது. முகாமிலிருந்து முகாமாகப் போனார்கள். தகப்பன் இல்லாத வீடு, பன்னிரண்டு வயதில் இன்னொருவரின் வள்ளத்தில் ஏறினவர். கையெழுத்து வைப்பார். அதற்கு மேல் இல்லை. அவருடைய மனைவிக்கும் மகளுக்கும் தவிர வேறு ஒருவருக்கும் இது சரியாகத் தெரிந்திருக்கவில்லை. எனக்கு இதைச் சொன்ன உறவுக்காரருக்கும் பாதிதான் தெரியும். மீதியை நானே சேர்த்துக்கொண்டேன். வாசிகசாலையில் அவர் மற்றவர்களோடு இருந்து கேட்பார். அங்கே அரைவாசிப் பேர் அப்படித்தான். கண்ணாடி இல்லை, வெளிச்சம் போதாது, கை ஈரம் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருந்தது.

இந்த இடத்தில் எங்கள் வாசிகசாலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கரைக்கு வந்து, மீன் கொடுத்து, வலை உதறி முடிந்ததும் தொழிலாளர்கள் அங்கே வந்து வாங்கில் இருப்பார்கள். ஒருவர் பத்திரிகையைச் சத்தமாக வாசிப்பார். பெரும்பாலும் வாசிகசாலைச் செயலாளர். மரண அறிவித்தல் முதல், பிறகு முதற்பக்கம், பிறகு உள்ளூர்ச் செய்தி. இடையிடையே நின்று எல்லோரும் கருத்துச் சொல்லுவார்கள். இதுதான் அவர்கள் பத்திரிகை வாசிக்கும் முறை. நானும் பல காலை அந்த வாங்கில் இருந்து கேட்டிருக்கிறேன். எனக்கு இது தெரியாது என்று என்னால் சொல்ல முடியாது.

யாழ்ப்பாணத்துப் பத்திரிகை ஒன்றில் எனக்குத் தெரிந்த ஆசிரியர் ஒருவர் இருந்தார். ஊர் சேர்ந்து பிள்ளைகளைப் படிப்பிக்கிற கதையைக் கேள்விப்பட்டு, ஞாயிறு இதழுக்கு எழுதித் தரக் கேட்டார். சங்கத்திலும் எல்லோரும் எழுதச் சொன்னார்கள். ஊர் பெயர் பேப்பரில் வந்தால் மற்ற ஊர்களும் செய்யும், வெளிநாட்டில் இருப்பவர்களும் கவனிப்பார்கள் என்றார்கள். இரண்டும் சரியான காரணங்கள்.

ஒலிபெருக்கியில் தொடங்கி எழுதினேன். சப்பென்று இருந்தது. கிழித்துவிட்டு, விலைமனு அறிவித்தல் தாளில் தொடங்கினேன். வாசிக்கத் தெரியாத ஒரு தகப்பன், தன் நித்திரையைக் கொடுத்து, தினமும் ஒரு மணித்தியாலம் ஒரே தாளை விரித்துவைத்துக்கொண்டு மகளுக்குப் பக்கத்தில் இருக்கிறார். அந்த ஊரில் கல்வி என்ன விலை என்று அறிய அந்தக் கதிரையைப் பார்த்தால் போதும். இப்படி இரண்டு பந்தி. அதற்குப் பிறகு மற்றதெல்லாம் தானாக வந்தது. பெயர் போடவில்லை. 'கடற்கரையோரம் உள்ள ஒரு வீட்டில்' என்று மட்டும் எழுதினேன். பெயர் தவிர்க்கப்பட்டால் ஆள் காப்பாற்றப்பட்டார் என்பது எங்கள் தொழிலில் ஒரு நம்பிக்கை. இலட்சம் பேர் வாசிக்கும் பத்திரிகையில் அது ஓரளவு உண்மையாக இருக்கலாம்.

அந்தப் பந்திகளை நான் பல முறை வாசித்துப் பார்த்தேன். திருத்துவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. அவரைப் பெருமைப்படுத்துகிறேன் என்று நினைத்தேன். அதுவும் உண்மை. ஆனால் அந்தப் பெண்ணின் அரை விநாடிப் பார்வை எழுதிக்கொண்டிருந்தபோது எனக்கு ஞாபகம் வந்தது என்பதும் உண்மை. ஞாபகம் வந்தது. கட்டுரை நன்றாக இருந்தது. அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் கொஞ்சம் முந்தியே வாசிகசாலைக்குப் போனேன். ஏன் போனேன் என்று எனக்குத் தெரியும்: கேட்க. செயலாளர் மரண அறிவித்தல்களைக்கூட விட்டுவிட்டு நேரே என் கட்டுரைக்கு வந்தார். தலைப்பில் 'எழுத்தறியாத் தந்தை' என்று இருந்தது. தலைப்பை நான் போடவில்லை. ஆனால் அந்த மேசையில் நான் இருந்திருந்தால் அதையேதான் போட்டிருப்பேன். செயலாளர் குரலை ஏற்றி இறக்கி வாசித்தார். முதல் இரண்டு வரியில் ஒருவருக்கும் விளங்கவில்லை. மூன்றாவது வரியில் வாங்கு கணக்குப் போடத் தொடங்கியது. பதினொரு வீடு. அதில் கடற்கரையோரம் மூன்று. அதில் தகப்பன் உள்ளது இரண்டு.

அந்தத் தகப்பன் வாங்கின் கடைசியில் இருந்தார், ஈரச் சாரத்தோடு. நான் அவரைப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்தவரின் முகம் திரும்பிய திசையைப் பார்த்துத்தான் அவர் அங்கே இருக்கிறார் என்று தெரிந்துகொண்டேன்.

செயலாளர் மரக்கறி வழங்கல், வீதித் திருத்தம் என்ற இடத்துக்கு வந்தபோது, அவரோடு ஒரே வள்ளத்தில் போகும் ஒருவர், பாரத்தைக் குறைக்க நினைத்திருக்க வேண்டும், தோளில் தட்டி, "மெய்யே மச்சான், எந்த றோட்டுக் கொந்தராத்து எடுத்தனி? எங்களுக்கும் ஒரு வேலை போட்டுத் தாவன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். "ஆசுப்பத்திரி மரக்கறி" என்று பதில் சொன்னார். இன்னும் சிரித்தார்கள். செயலாளர் மீதியை வாசித்து முடித்தார். தகப்பன் கடைசி வரி வரைக்கும் இருந்தார்.

எழும்பும்போது எனக்குப் பக்கத்தில் வந்து, "நல்லா எழுதியிருக்கிறியள், அண்ணை" என்றார். அவ்வளவுதான். பிறகு வீட்டுப் பக்கம் போகாமல், அன்றைய வேலை எல்லாம் முடிந்த பிறகும், வள்ளம் கிடந்த பக்கமாக இறங்கி நடந்தார்.

திங்கட்கிழமை ஆறரைக்குப் பிறகு நான் சைக்கிளில் போனபோது, அந்த வீட்டிலிருந்து தொலைக்காட்சிச் சத்தம் கேட்டது. படலையடிக்குத் தாய் வந்தார். உள்ளே வரச் சொல்லவில்லை. "அண்ணை, இனி நீங்கள் மெனக்கெட்டு வரவேண்டாமாம்" என்றார். கோபமோ என்று கேட்டேன். கோபம் இல்லை என்றார். தகப்பன் இப்போது பின்னேரமே வாடிக்குப் போய்ப் படுக்கிறாராம், அங்கிருந்து தொழிலுக்குப் போவது வசதியாம். வாடி என்பது கடற்கரையில் வலையும் எஞ்சினும் வைக்கிற கொட்டில். அங்கே படுக்க வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை.

மகள் அன்றைக்கு மேலதிக வகுப்புக்குப் போயிருக்கிறாள். முன்வாங்கில் இருந்த ஒருத்தி, கொப்பியை முகத்துக்கு நேரே பிடித்து, கண்ணை வரி வரியாக ஓட்டிக் காட்டினாள். பெரிய துவேசம் ஒன்றும் இல்லை, பதினாறு வயதுக் குறும்பு. வகுப்பு சிரித்தது. இவள் புத்தகங்களை அடுக்கிக்கொண்டு எழும்பிப் போனாள். பிறகு பரீட்சை வரைக்கும் அந்த வகுப்புக்கு வரவில்லை. இதை எனக்குச் சொன்னது கணித ஆசிரியர். அவர் இரண்டு முறை வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டிருக்கிறார். தகப்பனும் வாடியிலிருந்து வந்து அவளிடம் கெஞ்சியிருக்கிறார். வீட்டில் படிக்கிறேன் என்றே சொன்னாளாம். அப்போது பரீட்சைக்கு ஐந்து கிழமை இருந்தது.

சங்கத்தில் நிலைமை வேறு. கட்டுரைக்குக் கனடாவிலிருந்து ஃபோன் வந்தது, ஜெர்மனியிலிருந்து வந்தது. வாசிகசாலைக்கு மேசை, பாடசாலைக்குக் கடந்தகால வினாத்தாள்கள், ஒரு பிரதி இயந்திரம். பக்கத்து ஊர் அதிபர் வந்து எப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டுப் போனார். நான் அதிபரிடம் அந்தப் பிள்ளையைப் பற்றிக் கதைத்தேன். அவர் நல்ல மனிதர். "கவலைதான். ஆனா மற்றப் பத்துப் பேரையும் பாருங்கோவன்" என்றார். நான் பார்த்தேன். பத்துப் பேரும் முன்னேறியிருந்தார்கள். அது பொய்யில்லை.

செயலாளர் கட்டுரையை வெட்டி, சட்டம் போட்டு, வாசிகசாலைச் சுவரில் மாட்டிவிட்டார். அவர்கள் இருக்கும் வாங்குக்கு நேரே. கழற்றச் சொன்னேன். "உங்கடை பேரோடை வந்தது, ஏன் கழட்டோணும்?" என்று கேட்டார். காரணம் சொல்வதென்றால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். இரண்டு கிழமை அது அங்கே தொங்கியது. அந்த இரண்டு கிழமையும் அந்தத் தகப்பன் வாசிகசாலைக்கு வரவில்லை. பிறகு ஒரு நாள் ஒருவரும் இல்லாத நேரம் பார்த்து நானே கழற்றி, மேசை இலாச்சிக்குள் வைத்தேன். முதல் நாளே செய்திருக்கலாம்.

அந்த மகளைக் கடைசியில் பஸ் தரிப்பிடத்தில் கண்டேன். பாடசாலைச் சட்டையில், தனியாக நின்றாள். வகுப்புக்குப் போகும்படி கேட்டேன். என்னால் நடந்தது, எனக்காகப் படிப்பை விடக் கூடாது என்று ஏதோ சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு, "அண்டைக்குக் கண்ணாடி எண்டு சொல்லேக்கை நான் உங்களைப் பாத்தனான், மாமா" என்றாள். "உங்களுக்கு விளங்கினது."

"ஓம்."

"பிறகேன் எழுதினீங்கள்?"

நான் சொன்ன பதிலை இங்கே எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது. "பெயர் போடேல்லையே, பிள்ளை" என்றேன்.

"பதினொரு வீடு, மாமா" என்றாள். பஸ் வந்தது. ஏறிப் போனாள்.

பரீட்சை நடந்தது. அவள் எல்லாப் பாடத்துக்கும் போனாள். பெறுபேறு வந்த நாள் பாடசாலையில் வெடி கொளுத்தினார்கள். அதிபர் லீவு எடுக்கவில்லை. ஊர் திரும்பி வந்த பிறகு ஒரு முறையும் காணாத பெறுபேறு அது. பதினொரு பேரில் ஒன்பது பேர் கணிதத்தில் சித்தி. மற்ற இருவரில் ஒருத்தி அவள். தமிழிலும் வரலாற்றிலும் அதிவிசேட சித்தி. ஒன்பது பாடத்தில் எட்டு இருந்தது, வேண்டிய ஒன்று இருக்கவில்லை. மேலதிக வகுப்புக்குத் தொடர்ந்து போயிருந்தால் அவள் சித்தியடைந்திருப்பாளா? ஆசிரியரிடம் இதை நேராகக் கேட்டேன்.  சித்தியின் கரையில் நின்ற பிள்ளை என்றார், ஐந்து கிழமை பெரிய காலம் என்றார்.  

பாராட்டு விழாவில் என்னையும் மேடையில் ஏற்றினார்கள். ஒலிபெருக்கியைப் பற்றியும், ஐஸ்பழம் விற்காத கடைக்காரரைப் பற்றியும், ரொட்டி சுட்ட தாய்மாரைப் பற்றியும் கதைத்தேன். கைதட்டினார்கள். வாசிக்க ஏதாவது கையில் வைத்திருக்க வேண்டும் என்ற விதியை, அடுத்த வருடத்துக்கு எடுத்துவிடும்படி விழாவுக்கு முன்னமே சங்கத்திடம் கேட்டிருந்தேன். எடுத்துவிட்டார்கள். காரணம் கேட்கவில்லை. அவளும் அவளுடைய வீட்டாரும் விழாவுக்கு வரவில்லை.

அதன் பிறகு ஒரு காலை நான் கடற்கரைக்குப் போனேன். அந்தத் தகப்பன் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் மணலில் இருந்தேன். செய்தது பிழை என்றேன். இதைச் சொல்ல எனக்கு ஆறு மாதம் எடுத்திருந்தது. அவர் கையை நிறுத்தவில்லை. பிழை ஒன்றும் இல்லை என்றார். நான் திரும்பவும் சொன்னேன்.

"விடுங்கோ, அண்ணை" என்றார். "பொய் எழுதியிருந்தா நான் வந்து சண்டை பிடிச்சிருப்பன். பொய் எழுதேல்லையே நீங்கள். நான் என்னத்தைச் சொல்லிச் சண்டை பிடிக்கிறது?"

முப்பது வருடம் நான் பொய்க்குப் பயந்து வேலை செய்தவன். ஒரு தொகை, ஒரு திகதி, ஒரு ஊர்ப் பெயர் பிழைத்தால் இரவு நித்திரை வராது. உண்மையைக் கொண்டுபோய்ப் போட்டால் ஒருவருக்குச் சண்டை பிடிக்கக்கூட வழி இருக்காது என்பதை அந்த மணலில்தான் கேட்டேன். எழும்பினேன். மகள் கணிதத்தைத் திரும்ப எழுதப் போகிறாள் என்றார். நல்லது என்றேன். உதவி ஏதாவது வேண்டுமா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.

அவள் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக விண்ணப்பித்தாள். கணிதம் மட்டும். தகப்பன் சனிக்கிழமைகளில் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் மானிப்பாய்ப் பக்கம் ஒரு வகுப்பில் விட்டுக் கூட்டிவந்தார் என்று தங்கை சொல்லித் தெரிந்தது. கரையிலிருந்து வந்த கையோடு, படுக்காமல். வகுப்பு முடியும்வரை அங்கே வெளியில் மர நிழலில் நிற்பாராம்.

இதை எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அப்போது. முதல் கட்டுரையில் எழுதாமல் விட்டதை எழுத வேண்டும் என்று. இந்த முறை கேட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக அந்தப் படலையைத் திறந்து போனேன். அவர் முற்றத்தில் எஞ்சினைக் கழற்றி வைத்திருந்தார். வந்த காரியத்தைச் சொன்னேன். தனக்கு ஒன்றும் இல்லை என்றார், மகளைக் கேட்கச் சொன்னார். அவள் வாசலுக்கு வந்தாள். கையில் கணக்குக் கொப்பி. முழுவதையும் கேட்டாள்.

"சோதினை முடியட்டும், மாமா" என்றாள். "அது முடிய முன்னம் ஒண்டும் வேண்டாம். முடிஞ்சபிறகு எழுதி, குடுக்க முன்னம் எங்களுக்கு வாசிச்சுக் காட்டுங்கோ. அப்பாவுக்கு முன்னாலை."

சரி என்றேன். காத்திருந்தேன். சோதனை முடிந்து எட்டு நாள் கழித்து இதை எழுதத் தொடங்கினேன். நேற்றுப் பின்னேரம் அவர்கள் வீட்டில், அவர் கதிரையில் இருக்க, அவள் வாசற்படியில் இருக்க, முதலிலிருந்து வாசித்தேன். வாங்கில் சிரித்த இடம் வந்தபோது நிறுத்தி மறுபடி வாசித்தேன்.  முடிந்ததும் அவள் ஒரு வரியை எடுக்கச் சொன்னாள். அவர்கள் முன்னாலேயே பேனையால் வெட்டினேன். அவர் ஒன்றையும் எடுக்கச் சொல்லவில்லை. தாய் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார்.

சோதனை எப்படி என்று எழும்பும்போது கேட்டேன். செய்திருக்கிறேன் என்றாள். நன்றாகவா என்று கேட்கவில்லை. பெறுபேறு வர இன்னும் மாதங்கள் கிடக்கின்றன. அது வரும் நாளில் அந்த வீட்டுக்குப் போகலாமா என்று கேட்க நினைத்து, படலை வரைக்கும் நடந்து, கேட்காமல் சைக்கிளை எடுத்தேன்.